இடது காது

அண்ணனை அடக்கம் செய்த மறுநாள்தான் அவன் விமானம் ஏறினான். ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் தினமும் போன் செய்து, "டிக்கெட் கிடைச்சுதாடா?" என்று கேட்பார். "எல்லாம் ஃபுல்லுண்ணே" என்பான். ஒருநாள்கூட அவன் தேடிப் பார்த்ததில்லை.

விமானம் இறங்கும்போது தூங்கிவிட்டான். இடது காது அடைத்துக்கொண்டது.

"தூங்கினா எச்சில் முழுங்க மாட்டோம் சார், அதான். மூக்கைப் பொத்திக்கிட்டு மெதுவா ஊதுங்க," என்றார் பக்கத்து சீட்காரர்.

ஊதினான். காது திறக்கவில்லை. அடைப்புக்குள்ளிருந்து அண்ணன் கேட்டார். "டிக்கெட் கிடைச்சுதாடா?"

டாக்ஸியிலும் கேட்டுக்கொண்டே வந்தார்.

சமையலறையில் அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "ஃப்ளைட்டெல்லாம் ஃபுல்லுன்னீங்களே. நேத்துதான் காலியாச்சா?"

"காது அடைச்சிருக்கு அண்ணி. சரியா கேக்கல."

"தண்ணியைக் குடிங்க, திறந்துக்கும்."

டம்ளரை நீட்டினாள். வாங்கிக்கொண்டான். ஒரு வாய் விழுங்கினான்.

காது பட்டென்று திறந்தது. உள்ளே சத்தமே இல்லை. அப்பாடா என்றிருந்தது.

அண்ணி குழாயை மூடினாள். ஈரக் கையோடு ஆளில்லாத கூடத்தை எட்டிப் பார்த்தாள்.

"இதோ, உங்க தம்பி இங்கதான் நிக்கறாருங்க," என்றாள். "நீங்களே கேளுங்க."