தமிழ் கதைத்தால் நிற்கவேண்டும்

"ஐயோ, மழை வரப்போகுது! வீட்டிலை மிளகாய் காயப்போட்டுட்டு வந்தனான்!"

கத்தியது கோபிசங்கர். அதுவும் பச்சைத் தமிழில்.

ஜெயனி ரீச்சர் திடுக்கிட்டுத் திரும்பினார். யாழ்ப்பாணம் ரவுனில், மருந்துக்கடை மேல்மாடியில் நடக்கிற அவருடைய இங்கிலீசு வகுப்பில் ஒரேயொரு சட்டந்தான். படியேறி உள்ளே வந்தால் தமிழ் கதைக்கக்கூடாது. கதைத்தவர் எழும்பி நிற்கவேண்டும். அடுத்த ஆள் வாய் தவறித் தமிழ் கதைத்தால், அவர் எழும்ப, இவர் இருக்கலாம்.

இத்தனை மாதமாக ஒரு தமிழ்ச் சொல்லும் சிந்தாதவன் கோபிசங்கர். தை மாதம் தொடங்கப்போகிற சின்னப்பிள்ளைகள் வகுப்பை, சட்டம் தவறாத அவனுக்கே தருவதாக ரீச்சர் சொல்லியிருந்தார். வேலையில்லாமல் அலைகிற பெடியன். அதைத்தான் மலைபோல நம்பியிருந்தான்.

"எழுந்து நில்லுங்கள், கோபிசங்கர். மேர்சி, நீங்கள் அமரலாம்."

(வகுப்புக்குள் ரீச்சர் கதைக்கிறது முழுக்க இங்கிலீசு. உங்களுக்காகத்தான் இந்தப் புத்தகத் தமிழ்.)

அதுவரை நின்றுகொண்டிருந்த மேர்சி கதிரையில் இருந்தாள். குருநகர்ப் பிள்ளை. ஒரு புடவைக்கடையில் வேலை முடிய நேரே வகுப்புக்கு வருவாள். புருசன் ஜெரோசன் லண்டனில். இங்கிலீசுச் சோதனை பாஸ் பண்ணினால்தான் அவளுக்கு விசா. ஆனால் வாய் திறந்தால் தமிழ்தான் முந்திக்கொண்டு வரும். மற்றவர்கள் எல்லோரும் உசார். அதனால் நாளாந்தம் நிற்பது அவள்தான். நின்றால்தான் ரோசம் வரும், ரோசம் வந்தால்தான் பாடம் ஏறும் என்பது ரீச்சரின் எண்ணம்.

அன்றைய பாடம் 'வயலேட்' என்ற சொல்.

"கோப்பையை உடைத்தாலும் 'பிரேக்', சட்டத்தை மீறினாலும் 'பிரேக்'. ஆனால் 'வயலேட்' கோப்பைக்குப் பொருந்தாது. சட்டத்தை மீறுவது, ஒப்பந்தத்தை மீறுவது, கோயிலின் புனிதத்தைக் கெடுப்பது, ஒரு மனிதரின் உரிமையை மிதிப்பது. இவற்றுக்குத்தான் அது வரும். உதாரணம்?"

"கோபிசங்கர் வகுப்புச் சட்டத்தை மீறினான்" என்றான் டிலக்ஷன். எல்லோரும் சிரித்தார்கள்.

கடைசிப் பொருளுக்கு உதாரணம் சொல்ல நேரம் இல்லாமல் போய்விட்டது.

அடுத்த நாளும் அதே கூத்து. மேர்சி வாய் தவறி எழும்பினாள். உடனே "சீ, என்ன நுளம்புக்கடியடாப்பா!" என்றான் கோபிசங்கர். அதற்கடுத்த நாள் "தண்ணி விடாய்க்குது." அவள் நின்றால் போதும், இவனுக்குத் தமிழ் வந்துவிடும்!

ஓகோ, இதுதான் சங்கதியோ என்று நினைத்தார் ரீச்சர். வகுப்பு முடிய அவனைப் படிக்கட்டில் மறித்தார். வெளியே வந்தால் அவருக்கும் தமிழ்தான்.

"அவள் கலியாணம் கட்டின பிள்ளை. தெரியுமோ உமக்கு?"

"ஓம் ரீச்சர்."

"தெரிஞ்சுகொண்டோ உந்த விளையாட்டு?"

அவன் முகம் கறுத்துப்போனது. "அப்பிடி ஒண்டும் இல்லை ரீச்சர்."

"அப்ப ஏன்?"

தலையைக் குனிந்தான்.

"சரி. சின்னப்பிள்ளையளின்ரை வகுப்பை டிலக்ஷனுக்குக் குடுக்கப்போறன்."

ஏதோ சொல்லப்போனவன் போல நின்றான். பிறகு "சரி ரீச்சர்" என்றுவிட்டுச் சைக்கிளை உழக்கிக்கொண்டு போய்விட்டான்.

சனிக்கிழமை, மருமகளுக்குச் சேலை எடுக்கப் புடவைக்கடைக்குப் போனார் ரீச்சர். விரித்துக் காட்டியது மேர்சிதான். ஒரு காலைத் தூக்கி மற்றக் காலில் தாங்கியபடி நின்றாள். அப்போதுதான் ரீச்சர் அந்தக் கால்களைப் பார்த்தார். கணுக்கால் வீங்கி, நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாக நீலம் பாரித்துக் கிடந்தது.

"என்ன பிள்ளை இது! கொஞ்ச நேரம் இரன்."

மேர்சி மேலே கமராவைப் பார்த்தாள். "இருக்கேலாது ரீச்சர். காலமை வந்தால் வீட்டை போகுமட்டும் நிக்கோணும். கடைச் சட்டம். எங்களுக்கு இஞ்சை கதிரையே இல்லை."

"என்னட்டை ஏன் சொல்லேல்லை?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "கால் ஏலாது எண்டு வெளியிலை தெரிஞ்சால் வேலையாலை நிப்பாட்டிப்போடுவினம் ரீச்சர். கோபி அண்ணையின்ரை தங்கச்சியையும் உப்பிடித்தான் நிப்பாட்டினவை. அதாலை அவர் என்ரை காலைக் கண்ட உடனை விளங்கிக்கொண்டார். ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ எண்டு நான்தான் கெஞ்சிக் கேட்டனான்."

ரீச்சருக்கு அதற்குப் பிறகு சேலை பார்க்க மனம் வரவில்லை. கடை முதலாளியை நாலு வார்த்தை ஏசவேண்டும் போல இருந்தது. பகல் முழுக்க நிற்க வைக்கிறது அவர். சரி, பின்னேரம் நிற்க வைக்கிறது ஆர்? வெட்கம் பிடுங்கித் தின்றது.

திங்கட்கிழமை, வழமைபோலக் கதிரையில் இருந்தபடி தொடங்கினார்.

"அன்று விட்ட இடம், ஒரு மனிதரின் உரிமையை மிதிப்பது. யார் உதாரணம் சொல்கிறீர்கள்?"

மேர்சி கையை உயர்த்தினாள். வாயைத் திறந்தாள். முழுசினாள்.

"நினைச்சு வைச்சனான், மறந்துபோச்சு ரீச்சர்..."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள். பழக்கதோசத்தில் தானாகவே எழும்பினாள். பின்வரிசையில் கோபிசங்கர் வாயைத் திறந்தான்.

ரீச்சர் முந்திக்கொண்டார்.

"நீ இரு பிள்ளை."

ரீச்சரின் வாயிலும் தமிழ்! ரீச்சர் எழும்பினார். தன் கதிரையைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டார். சட்டம் சட்டந்தானே!

"நீங்கள் அமருங்கள், ரீச்சர். வேண்டுமானால் நான்..." என்று இங்கிலீசில் தடுமாறினான் கோபிசங்கர்.

"நீர் பேசாமல் இரும். தை மாசம் சின்னப்பிள்ளையளுக்கு முன்னாலை உமக்கு நிண்டு படிப்பிக்கக் கிடக்கு. மற்றது, எல்லாரும் கேளுங்கோ. இண்டையிலை இருந்து இந்த வகுப்பிலை என்னைத் தவிர ஒருத்தரும் தமிழ் கதைக்கப்படாது" என்றார் ரீச்சர், தமிழிலேயே.