இருபத்தாறு அங்குலம்

“நம்ம மிச்சிகன் காடு ரொம்ப அடர்த்திக்கா. அண்ணனுக்கு இருபது அங்குலக் குழல் போதும்,” என்றான் துப்பாக்கிக் கடை மெர்ல்.

“என் வீட்டுக்காரருக்குப் பிறந்தநாள் பரிசு. இருபத்தாறே குடு,” என்றாள் லோர்னா.

“சொன்னாக் கேளுங்க. என்னோடது இருபத்தாறுதான். போற வழியெல்லாம் கிளையில இடிக்குது. சத்தத்துக்கு மான் ஓடிடுது. மூணு வருஷமா ஒண்ணுகூடச் சிக்கல.”

“அதனாலதான் கேக்கறேன். போன வருஷ மான்கறியே ஃப்ரீசர்ல பாதி கிடக்கு. இந்தக் கிறிஸ்துமஸுக்காவது பிள்ளைங்க கோழி திங்கட்டும்!”

மெர்ல் விழுந்து விழுந்து சிரித்தான். “பாவம், அண்ணன்! பரிசுன்னு நம்பி வாங்கிப்பாரே!”

துப்பாக்கியைப் பெட்டியில் வைத்து ரிப்பன் கட்டும்போது அவன் கை அப்படியே நின்றது.

அவனுடையதும் பிறந்தநாள் பரிசுதான். மனைவி பக்கத்து ஊர்க் கடைவரை போய், ஆசையாக வாங்கி வந்தது.