தீர்ப்பு சொன்ன கரையான்

நூலகத்தில் கூட்டிப் பெருக்கும் அமலோற்பவம் அக்கா, போன தவக்காலத்தில் ஜெபக்கூட்டம் முடிந்து காபி ஆற்றிக்கொண்டே எனக்குச் சொன்ன கதை இது.

பிள்ளைகளின் பசி பொறுக்காமல் ஒரு தாய்க் கரையான் அலமாரி ஏறினாள். அங்கே ஜப்பானிய அகராதியும் உக்ரைனிய அகராதியும் இருந்தன. இரண்டுக்கும் கெட்டி அட்டை, பல்லே இறங்கவில்லை. ஆனால் உள்ளே சண்டை பலமாக நடந்துகொண்டிருந்தது.

"எனக்கு எழுத்தே ரெண்டாயிரத்துக்கு மேல. வினைச்சொல்லைக் கடைசியிலதான் சொல்லுவேன். அதுவரைக்கும் கேட்கிறவன் வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கணும்" என்றது ஜப்பானியம்.

"போய்யா! என்கிட்ட ஒருத்தனைக் கூப்பிட்டாலே அவன் பேரோட வால் மாறிடும். நீயெல்லாம் ஒரு கஷ்டமா?" என்றது உக்ரைனியம். கரையானைப் பார்த்ததும், "ஏம்மா, நீயே சொல்லு. எங்கள்ல யாரு ரொம்பக் கஷ்டம்?" என்று கேட்டது.

கரையான் பவ்யமாகக் கும்பிட்டாள். "நான் படிக்காதவ சாமி. கொஞ்சம் திறந்து காட்டினா, மென்னு பார்த்துச் சொல்றேன்."

"முதல்ல என்னைப் பாரு!" என்று இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு விரிந்தன. அவள் பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொண்டாள். விசாரணை ஒரு வாரம் நடந்தது.

மிஞ்சியது அட்டைகள்தான். அவையும் விடாமல், "தீர்ப்பு என்னம்மா?" என்றன.

கரையான் ஏப்பம் விட்டாள். "ரெண்டுமே லேசுதாங்க. கடைக்குட்டிக்கே செரிச்சிடுச்சு."

உங்க வீட்டுப் புத்தகங்களுக்கு நடுவே ரெண்டு வேப்பிலை வையுங்க, கண்ணுகளா.