மேல் வீட்டு மீட்டர்

“ஒரே குடும்பந்தானுங்க. அப்படியே எழுதிக்குங்க.”

குழந்தைசாமி இப்படிச் சொன்னதும் ஜெயசீலனுக்குப் பேனா ஓடவில்லை. மின்சாரக் கம்பெனிக்காகப் பத்து வருஷமாக வீடு வீடாகப் போய்ச் சோதிக்கிறான். கேட்டவுடன் ஒப்புக்கொண்ட மனிதரை இன்றுதான் பார்க்கிறான்.

தில்லியில் மாதம் இருநூறு யூனிட்டுக்குள் நின்றால் பில் பூஜ்யம். நிலைக் கட்டணம்கூடக் கிடையாது. தாண்டினால் எல்லாம் சேர்ந்து தலையில் விழும். அதனால் மாடி வைத்திருப்பவர்களில் சிலர், மேலே ஒரு குடும்பம் கீழே ஒரு குடும்பம் என்று சொல்லி இரண்டு மீட்டர் வாங்கிவிடுவார்கள். சோதனைக்கு ஆள் வருகிறான் என்றால் மாடியில் அவசரமாக ஓர் அடுப்பு முளைக்கும். தாலி கட்டிய மனைவியையே குடியிருக்க வந்தவள் என்று கூசாமல் சொன்ன மகானுபாவர்களும் உண்டு.

பாலம் காலனியில் இருக்கும் இந்த வீட்டுக்கும் இரண்டு மீட்டர். இரண்டுக்கும் பில் பூஜ்யம். அதைக் கெடுத்துக்கொள்ள இவருக்கு என்ன தலையெழுத்து என்று ஜெயசீலனுக்குப் புரியவில்லை.

“சோச் லீஜியே அங்கிள், நல்லா யோசிச்சுக்குங்க. ஒரே குடும்பம்னு எழுதினா மேல் மீட்டரைக் கழட்டிருவாங்க. ரெண்டும் ஒண்ணாச் சேர்ந்து பில் எகிறிடும்.”

“கழட்டட்டுங்க.”

மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி லீலாவதி படபடவென்று இறங்கி வந்தார். கணவர் பக்கம் திரும்பவே இல்லை.

“அவரு பொய் சொல்றாருங்க தம்பி. மேல தனிக் குடித்தனம். நீங்களே வந்து பாருங்க.”

ஜெயசீலன் மேலே போனான். அடுப்பு, குக்கர், சின்ன ஃப்ரிட்ஜ், அதற்குள் மூடி வைத்த தேங்காய்ச் சட்னி, ஒரே ஒரு கட்டில். கேஸ் புத்தகம்கூட லீலாவதி பெயரில் இருந்தது. எத்தனையோ நாடகம் பார்த்தவன் அவன். இவ்வளவு கச்சிதமான ஏற்பாட்டைப் பார்த்ததில்லை.

அப்படியானால் கீழே இருப்பவர் யார் என்று கேட்டான். என் புருஷன்தான், அதற்கென்ன என்றார் அந்த அம்மா. ஜெயசீலனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், இவ்வளவும் செய்தவருக்கு முக்கியமான இடத்தில் பொய் சொல்ல வரவில்லையே என்று நினைத்துக்கொண்டான்.

“மீட்டரை மட்டும் எடுத்துராதீங்க தம்பி. அது இல்லாம நான் இங்க இருக்க முடியாது. அவருகிட்டயும் சொல்லிருங்க.”

அவன் கீழே வந்து சொன்னான். குழந்தைசாமி பிடிகொடுக்கவில்லை. ஒரே குடும்பம், ஒரே ரேஷன் கார்டு, கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம் என்று விரல் விட்டுச் சொன்னார்.

ஜெயசீலன் யோசித்துப் பார்த்தான். லாபத்துக்குப் பொய் சொல்வார்கள். தனக்கே நஷ்டம் வருகிற மாதிரி எவனாவது பொய் சொல்வானா? ‘ஒரே குடும்பம். மேல் மீட்டரை அகற்றலாம்’ என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டான். அந்த அம்மாவை நினைத்தால் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதரா என்று மனசு நிறைந்துபோயிற்று.

வாசல்வரை வழியனுப்ப வந்த குழந்தைசாமியின் கையைப் பிடித்துக்கொண்டான். “பத்து வருஷத்துல உண்மை பேசின முதல் ஆள் நீங்கதான் அங்கிள்.”

குழந்தைசாமி மாடியை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“உண்மையெல்லாம் அவ சொன்னதுதானுங்க தம்பி. மூணு வருஷமா தனியாத்தான் ஆக்கித் திங்கறா, எங்கூடப் பேசறதே இல்லை. மேல கரண்டு போச்சுன்னா, கீழ இருந்து ஒயர் இழுக்கறதுக்காச்சும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுத்தானே ஆகோணும்?”