பெயரை அவரே சொல்லட்டும்

டில்லி ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி வார்டில் காலை வெயில் ஸ்ட்ரெச்சர் கம்பியில் பட்டுக் கண்ணைக் கூசுகிறது. தரச் சான்றிதழுக்காக வந்திருக்கும் ஆய்வாளர் அம்மாள், பேனாவைத் திறந்தபடி கதவோரம் நிற்கிறாள். ஆறு மாதமாக எல்லோருக்கும் புது விதிகளைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போன நர்ஸ் சாந்தகுமாரி அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். "ராம்பால்ஜி?" என்கிறார் டாக்டர் ராஜவேல். படுத்திருக்கும் பெரியவர், டாக்டர் சொன்னால் மறுக்கலாமா என்பதுபோல், "ஹாஞ்ஜி" என்று கைகூப்புகிறார். "அச்சா, தியேட்டருக்குத் தள்ளு, ஜல்தி." ஸ்ட்ரெச்சர் அசையவில்லை. அதைத் தள்ள வேண்டிய பவுனு, சக்கரத்துக்குக் குறுக்கே காலை வைத்திருக்கிறாள். "பேரை நீங்களே சொன்னா அவரு தலையைத்தான் ஆட்டுவாரு சார். பிரதமரான்னு கேட்டாலும் ஆமாம்பாரு." "எனக்கே பாடம் நடத்துறியா?" "சிஸ்டர் நடத்துன பாடந்தான் சார்." பவுனு பெரியவரிடம் குனிந்து, "பாபாஜி, ஆப்கா நாம்?" என்று பெயரைக் கேட்கிறாள். "தேஷ்ராஜ்" என்கிறார் அவர். மணிக்கட்டுப் பட்டையிலும் அதே பெயர். அவர் குடலிறக்கத்துக்காக வந்தவர். தியேட்டரில் கத்தி காத்திருப்பது ராம்பாலின் பித்தப்பைக்கு. டாக்டரின் முகம் வெளுக்கிறது. ஆய்வாளரின் பேனா மளமளவென்று ஓடுகிறது. ராஜவேல் அடுத்த கட்டிலுக்குப் போகிறார், அங்கே படுத்திருப்பவரிடம் குனிந்து, "ஆப்கா நாம்?" என்கிறார். இத்தனை மாதத்தில் எந்த டாக்டர் வாயிலிருந்தும் வராத கேள்வி. சாந்தகுமாரி, ஆய்வாளர் பார்க்கப் பார்க்க, பவுனுவின் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுகிறாள்.