பெட்டகம் மறுபடி கேட்ட கேள்வி

பிரசவ அறையின் மருந்துப் பெட்டகம் பென்சிலினைத் தர மறுத்தது. மிதுனாவுக்கு ஆறு வயதில் அந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்துப்போனதாக அதில் பதிவாகியிருந்தது.

"மாத்து மருந்து போடலாம்ல?" என்று கேட்டாள் மிதுனாவின் அம்மா ரேணுகாதேவி.

"இவங்க உடம்புல இருக்கிற கிருமி அதுக்கெல்லாம் மசியாதும்மா. பொறக்கிற பிள்ளைக்குத் தொத்திரும்," என்றாள் நர்ஸ் ஜெபசெல்வி.

ஆறு வயது மிதுனாவைப் பார்த்த டாக்டர் அன்றைக்குக் கேட்டதைப் பெட்டகம் அவர் குரலிலேயே மறுபடி கேட்டது. "குழந்தைக்கு வேற ஏதாவது குடுத்தீங்களாம்மா?"

அன்றைக்கு இல்லை என்று சொன்னவள் ரேணுகாதேவிதான். இன்றைக்குப் பக்கத்தில் சம்பந்தியம்மாள் வேறு நின்றிருந்தாள்.

"குடுத்தேன். சளிக்குச் சேராங்கொட்டை லேகியம். டாக்டர் ஏசுவாருன்னு சொல்லல. மறு மாசம் லேகியத்தை மட்டும் குடுத்தேன், அப்பவும் தடிச்சுது."

"மறுபடியும் குடுத்தீங்களாக்கும்," என்றாள் சம்பந்தியம்மாள்.

ஒருமுறை மறைத்தவரின் பேச்சை நம்பலாமா என்று பெட்டகம் மிதுனாவைக் கேட்டது. நம்பினால் திரையில் விரல் வைக்க வேண்டும்.

மிதுனா அப்போது எழுந்த பிரசவ வலி அடங்கும்வரை பொறுத்திருந்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"இன்னும் என்னவெல்லாம் மறைச்சிருக்கே?"

ரேணுகாதேவி கொஞ்சம் யோசித்தாள்.

"மருந்து விஷயத்துல வேற ஒண்ணும் இல்லடி."

அதைக் கேட்ட பிறகுதான் மிதுனா கட்டைவிரலைத் திரையில் வைத்தாள்.