பதினெட்டு டிகிரி

"பதினெட்டு டிகிரிக்கு மேல இம்மிகூட ஏறக் கூடாது!" எரிவாயுக் கணப்புக்குத் தானே பொருத்திய, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் ரிமோட்டை மனைவி தொட முடியாதபடி ஒளித்துவிட்டு, உறைந்த ஏரிக்கு மீன் பிடிக்கப் போனான் ஓரெஸ்ட். வெர்னா சிரித்தபடி கையசைத்தாள்.

மாலையில் கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. கணப்பு கொழுந்துவிட்டு எரிய, வெர்னா கையில்லாத சட்டையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ரிமோட்டை எடுத்துட்டியா, திருடி?"

"நான் தொடவே இல்லப்பா!"

ஹீட்டர் இல்லாத வாசல் அறைக்கு ஓடினான். பழைய பூட்ஸுக்குள் ரிமோட் வைத்தபடியே இருந்தது. அவன் குறித்து வைத்த அளவும் அதே பதினெட்டு.

"பொருத்தினவனுக்கே தெரியலையா? குளிரை அளக்குற கருவி அந்த ரிமோட்டுக்குள்ளதான் இருக்கு. அந்த அறை சூடாகுற வரைக்கும் இங்க எரிஞ்சுகிட்டேதான் இருக்கும்," என்று காலை நீட்டிக்கொண்டாள் வெர்னா. "நாளைக்கும் அங்கயே ஒளிச்சு வை, கண்ணு!"